விமானி ஆவதற்கு ஒரு கோடி வழி

முதலில் உங்களுக்கு ஓர் அக்கா வேண்டும். அக்காவுக்கு ஒரு பையன் வேண்டும். அந்தப் பையன் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்துத் தேறியிருக்க வேண்டும். மூன்றும் அமைந்துவிட்டால் கவலையை விடுங்கள். மிச்சத்தை வீட்டுப் பத்திரம் பார்த்துக்கொள்ளும்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். மின்வாரியக் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், திருச்சியில் எங்கள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுக் காக்காய் விரட்டும்போது தலைக்கு மேலே சிங்கப்பூர் விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும் என்பதுதான். போன வருஷம் அக்கா மகன், ஒரு விமான நிறுவனம் தன் பெயரில் வேறு பள்ளி வழியாக விமானிகளைப் பயிற்றுவிக்கும் கேடட் பைலட் திட்டத்தில் சேர்ந்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவன் இன்னும் அங்கே வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. அவன் சேர்ந்ததற்கு அவன் போட்ட கையெழுத்து ஏழு. நான் போட்டது பதினொன்று. அந்த நான்கு கையெழுத்து வித்தியாசம்தான் என் தகுதி.

படி 1: ஹோட்டலுக்குப் போங்கள்

விளக்கக் கூட்டத்தை நட்சத்திர ஹோட்டலில்தான் வைப்பார்கள். குளிரூட்டிய கூடம், காபி, கிரீம் பிஸ்கட். மேடையில் தோளில் நான்கு தங்கப் பட்டையோடு ஒரு கேப்டன் நிற்பார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அக்கா முடிவு செய்துவிடுவாள். எங்கள் அக்கா, "தம்பி, அந்தத் தொப்பி நம்ம பிள்ளைக்கு எடுப்பா இருக்கும்ல?" என்றாள். நான் தலையாட்டினேன். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தத் தலையாட்டல்தான் அடிக்கல்.

கேப்டன் இரண்டு எண்களைத் திரையில் காட்டுவார். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் போட்டது. அதே வருஷம் ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ ஒரே மூச்சில் 500 வாங்கப்போவதாக அறிவித்தது. இரண்டும் உண்மை. பிறகு கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இத்தனை விமானத்தையும் யார் ஓட்டுவது?" என்பார். கூடம் அமைதியாகிவிடும். ஒவ்வொரு அப்பாவும் தன் பையனைத் திரும்பிப் பார்ப்பார். இந்த இடத்தில் நீங்கள் எழுந்து, "அந்த 500-ம் எப்போது வந்து சேரும்?" என்று கேட்டுத் தொலைக்கக் கூடாது. 2030-க்கும் 2035-க்கும் இடையில் வந்து சேரும் என்பதுதான் பதில். அதைச் சொன்னால் காபி ஆறிவிடும்.

விமானிப் பஞ்சம் என்ற சொல்லையும் அங்கே கேட்பீர்கள். அதற்கு அத்தாட்சியாக 2025 டிசம்பரை எடுத்துக் காட்டுவார்கள். விமானிகளுக்கு வாரம் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 ஆக்கி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் புதிய விதி குறைத்தது. இண்டிகோ அதற்கேற்ப ஆட்களைத் தயார்செய்து வைக்கவில்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பஞ்சம் நிஜம்தான். ஆனால் யாருக்குப் பஞ்சம் என்று பார்த்தால், ஓட்டும் ரக விமானத்தில் ஏற்கெனவே தேறிய கேப்டன்களுக்கும் கோ-பைலட்டுகளுக்கும். நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனை வைத்து நாளைக் காலை ஒரு ஏர்பஸ்ஸைக் கிளப்ப முடியாது. ஒருபக்கம் விமானி இல்லாமல் விமானம் நிற்கும், இன்னொரு பக்கம் லைசென்ஸை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு பையன்கள் வீட்டில் நிற்பார்கள். நம் ஊரில் எப்போதும் எலெக்ட்ரீஷியன் கிடைக்க மாட்டார், எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்பதைப் போல. இந்த விஷயத்தை அக்காவிடம் விளக்க முயன்றேன். "நீ எப்பவுமே நெகட்டிவ்" என்றாள்.

படி 2: எதை வாங்குகிறோம் என்று பார்க்காதீர்கள்

இதுதான் வழிகாட்டியின் இதயப்பகுதி. ஆகவே கொஞ்சம் நீளும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல். வாங்க, எல்லோரும் டி.ஜி.சி.ஏ. என்று சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கேட்பது இவ்வளவுதான்: பதினெட்டு வயது, முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் 70 மதிப்பெண், ரேடியோவில் பேசுவதற்கு ஒரு தேர்வு, 200 மணி நேரம் பறந்த அனுபவம். அந்த 200-ல் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். ராத்திரி ஐந்து மணி நேரம், ஒரே பயணமாக 300 கடல் மைல் போய் நடுவில் இரண்டு வேறு இடங்களில் இறங்கியது என்று சில உட்பிரிவுகள்.

இதை எந்த அங்கீகாரம் பெற்ற பறக்கும் பள்ளியிலும் முடிக்கலாம். அரசின் சொந்தப் பள்ளியே ஒன்று இருக்கிறது, உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்ற ஊரில், இந்திரா காந்தியின் பெயரில். நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும். தனியார் பள்ளிகள் நாடு முழுக்க இருக்கின்றன. சாதாரணமாகப் போனால் சி.பி.எல். முடிய ஐம்பது லட்சம் வாக்கில் ஆகும். சின்ன செஸ்னா விமானம் மணிக்கு முப்பத்தைந்து லிட்டர் போல ஒரு விசேஷ பெட்ரோல் குடிக்கும். 2022 வரை அதை நாம் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தோம், அதன்பிறகு இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்க ஆரம்பித்தது. லைசென்ஸ் கையில் வந்தபிறகு ஏர்பஸ் மாதிரி ஒரு குறிப்பிட்ட பெரிய விமானத்துக்கென்று டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும். பெரும்பாலும் சிமுலேட்டர் என்ற பெட்டிக்குள் உட்கார்ந்து செய்வது. அதற்கு இன்னொரு இருபது லட்சம் வாக்கில். ஆக எழுபது.

விமான நிறுவனத்தின் பெயர் தாங்கிய கேடட் திட்டமோ ஒரு கோடியைத் தொட்டுக்கொண்டும் தாண்டியும் நிற்கிறது. அதே 200 மணி, அதே டி.ஜி.சி.ஏ. தேர்வு, அதே சிமுலேட்டர்.

கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு ஒரு வியாதி உண்டு, வித்தியாசத் தொகைக்குத் தலைப்பு கேட்பேன். விளக்கக் கூட்டம் முடிந்ததும் நிறுவனத்தின் ஆலோசகர் பெண்ணிடம் போய், "அம்மா, அந்த முப்பது லட்சம் எந்தக் கணக்கில் வருகிறது?" என்றேன்.

"சார், நீங்க கண்டிஷனல் ஆஃபரைப் பார்க்கலையா?" என்றது அந்தப் பெண். முகத்தில் அத்தனை பரிவு.

பார்த்தேன். தேர்வானதும் ஒரு கடிதம் தருவார்கள். பயிற்சியை முடித்தால் எங்கள் நிறுவனத்தில் ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது இளநிலை கோ-பைலட்டாக எடுத்துக்கொள்வோம், இன்னின்னவற்றுக்கு உட்பட்டு, என்று இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் தேற வேண்டும் என்பதற்கு உட்பட்டு. மருத்துவத் தகுதிக்கு உட்பட்டு. நிறுவனத்தின் அப்போதைய தேவைக்கு உட்பட்டு. முப்பத்தோரு வருஷ அரசு வாரிய வாழ்க்கையில் 'உட்பட்டு' என்ற சொல்லின் அருமை எனக்குத் தெரியும். "நிதிநிலைக்கு உட்பட்டு அகவிலைப்படி வழங்கப்படும்" என்ற சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு இரண்டு தீபாவளியைக் கடந்தவன் நான்.

அந்த முப்பது லட்சத்தில் நாம் வாங்குவது பறக்கும் பயிற்சியோ வேலையோ இல்லை. வரிசையில் ஓர் இடம். திருப்பதியில் முந்நூறு ரூபாய் டிக்கெட் எடுத்தால் தரிசன வரிசை சீக்கிரம் நகரும். நடை சாத்திவிட்டால் முந்நூறு ரூபாய்க்காரருக்கும் அதே கதவுதான்.

இதைச் சொன்னதும் கேடட் திட்டம் ஏமாற்று வேலை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வரிசையில் இடம் என்பது சின்ன விஷயமில்லை, அதிலும் இந்தியாவில். அமெரிக்காவில் இருநூறு மணி நேரம் பறந்தவனை எந்தப் பயணிகள் விமான நிறுவனமும் தொடாது, 1,500 மணி வேண்டும். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்ததன் பின்விளைவாக வந்த சட்டம் அது. அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணியை எப்போதோ தாண்டியவர்கள் என்பது வேறு கதை. அதனால் அங்கே லைசென்ஸ் வாங்கிய பையன் ஒன்றிரண்டு வருஷம் பயிற்றுநராக இருந்து, மற்ற பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தே மணிகளைச் சேர்ப்பான். யுனைடெட் நிறுவனம் 2022-ல் அரிசோனாவின் குட்இயரில் தனக்கென்று பள்ளியே திறந்தது. அங்கே படித்தவனுக்கும் இந்த நடுக்காலம் உண்டு.

இங்கே அப்படி நடுவில் ஏணி கிடையாது. 200 மணியில் நேராக ஏர்பஸ்ஸின் வலது இருக்கை, அதாவது கோ-பைலட்டின் இடம். ஆகவே அந்த ஒரே வாசலில் எல்லோரும் முண்டுகிறார்கள். டைப் ரேட்டிங் இல்லாத புதியவர்களை வெளியிலிருந்து எடுக்கும் அறிவிப்பு வந்தால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் விழும். கேடட் பையன் அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. முதல் நாளிலிருந்தே இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் ஒழுங்கில், அந்த நிறுவனத்தின் பழக்கவழக்கத்தில் வளர்கிறான். பள்ளியில் விமானம் பழுது, பயிற்றுநர் விலகல் என்று மாதக்கணக்கில் முடங்கினால் கேள்வி கேட்க மேலே ஒரு பெரிய பெயர் இருக்கிறது. தனியாகச் சேர்ந்தவனுக்கு அதுவும் இல்லை. 2025-ல் டி.ஜி.சி.ஏ. முதல்முறையாகப் பறக்கும் பள்ளிகளுக்குத் தரப்பட்டியல் போட்டபோது உச்சியிலிருந்த இரண்டு வகைகளும் காலியாகவே இருந்தன. ஒன்றரை வருஷத்தில் முடியும் என்று சேர்ந்து மூன்றாவது வருஷமும் ஹாஸ்டல் கட்டணம் கட்டும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களோடு ஒப்பிட்டால் முப்பது லட்சம் நியாயமாகக்கூடத் தோன்றும். ஆனால் அந்த ஒப்பீட்டை அவர்கள் மேடையில் செய்வதில்லை. தொப்பியைத்தான் காட்டுகிறார்கள்.

படி 2-அ: தேர்வில் தோற்க வாய்ப்பு இருந்தால் தவறவிடாதீர்கள்

கேடட் திட்டத்தில் சேர முதலில் ஒரு சல்லடை உண்டு. கணினியில் கோடுகளைத் துரத்துவது, காதில் ஒரு எண் கேட்டுக்கொண்டே கையால் வேறொன்றைச் செய்வது, குழு விவாதம், நேர்காணல். சில ஆயிரம் ரூபாய் கட்டணம். இதில் தோற்றவர்களின் பெற்றோர் முகம் வாடிப் போவார்கள். என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலேயே காசுக்கு மதிப்புள்ள சரக்கு இந்தத் தோல்விச் சீட்டுதான். சில ஆயிரத்தில் ஒரு கோடி மிச்சம். எந்தச் சீட்டுக் கம்பெனியும் இப்படிக் கழிவு தராது. சாதாரணப் பள்ளியில் இந்தச் சல்லடையே இல்லை, பணம் கட்டினவன் எல்லோரும் விமானி என்று வைத்துக்கொண்டுதான் வகுப்பு ஆரம்பிக்கும்.

எங்கள் பிள்ளை தேறிவிட்டான்.

படி 3: வரிசையை மாற்றிச் செய்யுங்கள்

அறிவுள்ள குடும்பம் என்ன செய்யும்? முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கலையும் பிறகு முதல் வகுப்பு மெடிக்கலையும் முடிக்கும். பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிலையம் இருக்கிறது, தனியார் மையங்களும் வந்துவிட்டன. கண், காது, இதயம், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிப்பது. பச்சையும் சிவப்பும் குழம்பும் கண் என்றால் பதினெட்டு வருஷம் வரை வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, தக்காளி பழுத்ததா என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை. அது முடிந்ததும் கம்ப்யூட்டர் நம்பர் என்ற தேர்வுப் பதிவெண்ணை வாங்கி, வீட்டிலிருந்தபடியே படித்து டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதவைக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றிரண்டு லட்சத்துக்குள், பையனுக்கு உடம்பும் மூளையும் பொறுமையும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிறகுதான் எந்தப் பள்ளி என்று யோசிக்கும்.

நம் வழிகாட்டியில் இது கூடாது. முதலில் முன்பணம் கட்டுங்கள். "இந்த பேட்ச்ல நாலு சீட்தான் இருக்கு" என்பார்கள். கட்டியபிறகு மெடிக்கலுக்குப் போனால் பரிசோதனை அறை வாசலில் குடும்பமே சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டு நிற்கும் பக்தி அனுபவம் கிடைக்கும். அது ஓசியில் கிடைப்பதில்லை. எங்களுக்கு அதன் விலை ஐந்து லட்சம், திருப்பித் தரப்பட மாட்டாது.

படி 4: தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள்

பெட்டிக்கு அடியில், அம்மாவின் கூறைப்புடவை மடிப்பில் இருக்கும்.

ஒரு கோடி கல்விக் கடன் என்றால் வங்கி, பிள்ளையின் மதிப்பெண்ணை ஒரு பார்வையும் வீட்டின் வில்லங்கச் சான்றிதழை ஒன்பது பார்வையும் பார்க்கும். முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, வரி ரசீது, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் சான்று. அத்தான் வீடு மட்டும் போதவில்லை, அப்பா எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக விட்டுப்போன மனையையும் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கேதான் என் பதினொரு கையெழுத்து.

கணக்கைச் சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி, வட்டி பத்து சதவீதம், பதினைந்து வருஷம். மாதத் தவணை 1,07,461 ரூபாய். மொத்தம் கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே 93 லட்சம் ஆகியிருக்கும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டியும் ஓடாது என்று சொல்ல மாட்டார்கள். பணத்தைப் பகுதி பகுதியாக விடுவிப்பதால் இரண்டு வருஷத்துக்கு முழு இருபது லட்சம் ஏறாது, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஏறிவிடும், அது அசலோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

எதிர்ப்பக்கம் வரவு. கேப்டன் சம்பளத்தைத் திரையில் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது உண்மையிலேயே பெரிய சம்பளம். மாதம் ஐந்தாறு லட்சம், அதற்கு மேலும். ஆனால் கேப்டன் ஆக முதலில் 1,500 மணி வேண்டும், உயர்நிலை உரிமம் வேண்டும், அப்புறம் நிறுவனத்தில் இடம் காலியாக வேண்டும். நாலைந்து வருஷமாவது ஆகும். புதிதாக வலது இருக்கையில் உட்காரும் பையனுக்கு ஆரம்பத்தில் லட்சத்துக்கு அக்கம்பக்கம்தான். அதாவது வங்கித் தவணைக்கு அக்கம்பக்கம். முதல் சில மாதம் அவன் விமானத்தை ஓட்டுவான், அத்தானின் ஓய்வூதியம் அவனை ஓட்டும்.

வருமான வரிச் சலுகை உண்டே என்பீர்கள். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருஷம் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால். தனக்கும், துணைக்கும், பிள்ளைக்கும், சட்டப்படி தான் காப்பாளராக இருக்கும் மாணவனுக்கும் வாங்கிய கடனுக்கு. காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்கவும் கல்யாணத்தில் மாலை எடுத்துக்கொடுக்கவும் தாய்மாமன் வேண்டும். வரிச் சட்டத்தின் அந்தப் பட்டியலில் அப்படி ஒரு உறவே இல்லை.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அடமானத்தைப் பதியப் போன அன்று டோக்கன் எண் 43. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "யாருக்குக் கல்யாணம்?" என்றார். பத்திரத்தோடு அங்கே வருகிறவர்களுக்கு வேறு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மருமகன் விமானி ஆகப்போகிறான் என்றேன். "நல்லது. திருச்சிலேர்ந்தே ஓட்டுவாரா?" என்றார். நாற்பத்துமூன்றாம் எண் வரும்வரை நான் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

படி 5: ஊர் வம்பு வேண்டாம்

வெளிநாட்டில் எப்படி நடக்கிறது என்று தேடிப் படிக்காதீர்கள், தூக்கம் கெடும். நான் படித்தேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-ல் ஸ்பீட்பேர்ட் அகாடமி என்று ஒன்றை அறிவித்து, தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு லட்சம் பவுண்ட் வரையிலான பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்றுக்கொள்கிறது. லுஃப்தான்சாவில் நெடுங்காலம் ஓர் ஏற்பாடு இருந்தது. செலவின் பெரும்பகுதியை நிறுவனம் முன்னால் போடும், பிள்ளை தன் பங்கை வேலையில் சேர்ந்தபின் சம்பளத்திலிருந்து அடைப்பான். அங்கே பள்ளி நடத்துகிறவரின் பணமும் மேஜைமேல் இருந்தது. தப்பான ஆளை எடுத்தாலோ, தேவைக்கு மேல் எடுத்தாலோ அவருக்கும் வலிக்கும். நம் திட்டங்களில் பெயர் அவர்களுடையது, பணம் நம்முடையது. கூடுதலாகப் பத்துப் பிள்ளையைச் சேர்த்தால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் லுஃப்தான்சாவும் 2020-ல் கொரோனா வந்தபோது, பயிற்சியில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு வேறு வழி பார்த்துக்கொள்ளச் சொல்லத்தான் செய்தது. ஆகவே ஜெர்மன்காரன் ஒழுங்கு என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லி அடக்கலாம்.

நம் ஊரில் ஏர் இந்தியா சொந்தப் பள்ளி கட்டப்போவதாக 2024-ல் அறிவித்தது. மகாராஷ்டிராவில் அமராவதி, வருஷத்துக்கு 180 விமானிகள் என்று இலக்கு. பிறகு 34 பயிற்சி விமானங்களுக்கு ஆர்டரும் போட்டார்கள். நிறுவனமே விமானம் வாங்கிப் போட்டுப் பள்ளி நடத்தினால், இடைத்தரகுப் பள்ளிக்குப் பெயரை வாடகைக்கு விடுவதைவிட மேல் என்பது என் எண்ணம். கட்டடத்திலாவது அவர்கள் பணம் சிக்கியிருக்கும்.

படி 6: வரலாறு படிக்காதீர்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அக்கா இந்தப் பத்தியைப் படிக்கும் வாய்ப்பு உண்டு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரோடு நின்றது. ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் 2019 ஏப்ரல் 17 அன்று ராத்திரி அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நாட்டுக்குள் வழக்கமான பயணிகள் விமானமே பறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் சந்தைக்கு வந்தார்கள், டைப் ரேட்டிங்கோடு, ஆயிரக்கணக்கான மணிகளோடு. வரிசையில் முன்னால் போய் நின்றார்கள். பையன் படிப்பை முடிக்கும் வருஷம் எப்படிப்பட்ட வருஷமாக இருக்கும் என்பதை எந்தத் திரையிலும் காட்ட முடியாது. அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

வேலை கிடைத்தபின் பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். பல நிறுவனங்களில் சில வருஷ பாண்ட் இருக்கும். அதுபோக, 2017-ல் டி.ஜி.சி.ஏ. போட்ட விதிப்படி கோ-பைலட் விலக ஆறு மாதமும் கேப்டன் விலக ஒரு வருஷமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். நம் வாரியத்தில் மூன்று மாதம்தான். அதற்கே யாரும் விலகியதில்லை.

படி 7: ஸ்டேட்டஸ் போடுங்கள்

எங்கள் பிள்ளை இப்போது தென்னாப்பிரிக்காவில் இருக்கிறான். வானம் அங்கே தெளிவு, வருஷத்தில் அதிக நாள் பறக்கலாம். வடக்கே டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம், நமக்கு மழைக்காலம் என்று இங்கே நாள் கழியும். ஆனால் அங்கே வாங்கிய லைசென்ஸை இங்கே வந்து இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். அதற்கு ஒரு கோப்பு, அதற்கு ஒரு தேர்வுப் பயணம், அதற்கு ஒரு காத்திருப்பு. அந்தப் படியை அவன் வந்தபிறகு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் சோலோ. பயிற்றுநர் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்த, இவன் மட்டும் ஏறி ஒரு சுற்று சுற்றி வந்து இறங்க வேண்டும். யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பினார்கள். மொத்தம் பதினோரு நிமிஷம். மணிக்கு இவ்வளவு என்று நான் மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் தரையைத் தொட்டு ஒருமுறை துள்ளியது. "ஆத்தா" என்றாள். மறுபடி தொட்டது, நின்றது. எனக்கு வகுத்தல் நடுவில் விட்டுப்போனது.

பிறகு அவன் இறங்கி நடந்து வர, பின்னாலிருந்து இரண்டு பையன்கள் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏன்டா தம்பி, பிள்ளை மேல எதுக்கு இப்படித் தண்ணியக் கொட்டுறாங்க? சளி பிடிச்சுக்காது?" என்றாள் அக்கா.

"முதல் தடவை தனியா ஓட்டினா அது ஒரு வழக்கமாம் அக்கா. தலை முழுகவைப்பாங்களாம்."

"எதை?" என்றார் அத்தான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.